சந்தாவை நிறுத்தினால் மறுநாள் என்ன ஆகும்?

மாதாமாதம் 11 சந்தா போகிறது, ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சின்னத் தொகைதான், எதை வைத்துக்கொள்வது, எதை நிறுத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டியலும் கொடுத்திருக்கிறீர்கள்: நான்கு வீடியோ சேவை, இரண்டு பாட்டு, இரண்டு கிளவுட் சேமிப்பு, ஒரு மொழி கற்கும் ஆப், ஒரு குறிப்பெழுதும் ஆப், ஒரு செய்தித்தாள். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், ஏற்கெனவே இரண்டு தடவை எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்திப் பார்த்தேன், மூன்று மாதத்துக்குள் அத்தனையும் திரும்ப வந்துவிட்டது என்று. எனக்கு அந்த வரிதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது. எதை நிறுத்துவது என்பது ஒரு மாலைப்பொழுதில் தீர்ந்துவிடும். நிறுத்தினது ஏன் நிற்கவில்லை என்பதைத்தான் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

நான் ஒன்பது வருடம் சந்தா விற்கும் நிறுவனங்களில் வேலை பார்த்தவன். முதல் மூன்று வருடம், நிறுத்த வேண்டும் என்று வருகிறவர்களுக்கு சாட்டில் பதில் சொல்கிற வேலை. அப்புறம் புதுப்பித்தல் கணக்கு பார்க்கிற வேலை. அதனால் ஒருவர் ஏன் நிறுத்தாமல் இருக்கிறார், நிறுத்தினவர் எதை இழக்கிறார், எப்போது திரும்ப வருகிறார் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். உங்களுக்கு எந்தப் படம் பிடிக்கும், எந்தச் செய்தித்தாள் படிக்கத் தகுந்தது என்பதில் நான் சொல்ல ஒன்றும் இல்லை, அது உங்கள் விருப்பம். கீழே ஆய்வில் இருந்து சொல்வதை ஆய்வு என்றே சொல்கிறேன். மற்றது என் அனுபவத்தில் தோன்றியது, அதை அந்த அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 11 என்ற எண்ணையே நான் நம்பவில்லை, தப்பாக நினைக்காதீர்கள். 2022-ல் அமெரிக்காவில் எடுத்த ஒரு கருத்துக்கணிப்பில், சந்தாக்களுக்கு மாதம் எவ்வளவு செலவாகிறது என்று சட்டென்று கேட்டபோது மக்கள் சராசரியாக 86 டாலர் என்றார்கள். வகைவகையாகக் கேட்டுக் கூட்டினால் 219 டாலர் வந்தது. இரண்டரை மடங்கு வித்தியாசம். எனவே ஞாபகத்தில் இருந்து எழுதாமல் வங்கி ஸ்டேட்மென்ட்டையும் கார்டு ஸ்டேட்மென்ட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு எழுதுங்கள். ஒரு மாதத்துக்கு எடுத்தால் போதாது, முழு 12 மாதத்துக்கு எடுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை போகிற தொகை அப்போதுதான் கண்ணில் படும். போன் கடை வழியாக, அதாவது ஆப் ஸ்டோர், ப்ளே ஸ்டோர் வழியாக எடுத்தவை ஸ்டேட்மென்ட்டில் அந்தக் கடையின் பெயரில்தான் வரும், உள்ளே என்னென்ன இருக்கிறது என்று அந்தக் கணக்கின் சந்தாப் பக்கத்துக்குள் போய்த்தான் பார்க்க வேண்டும். ஆப்பை போனில் இருந்து நீக்கினாலே சந்தா நின்றுவிடும் என்று இன்னமும் நிறையப் பேர் நினைக்கிறார்கள். நிற்காது.

போன மாதம் ஒரு நண்பரோடு உட்கார்ந்து இதைச் செய்தேன். ஒரு வரி யாருக்கும் புரியவில்லை. நான்கைந்து எழுத்து, ஒரு எண், அவ்வளவுதான். தொகை ரொம்பச் சின்னது என்பதால் அவர் அதுவரை கவனித்ததே இல்லை. அதே தொகையைக் காசு சுத்தமாக அவருடைய மின்னஞ்சலில் போட்டுத் தேடினோம், ரசீது கிடைத்தது. ஒரு சான்றிதழை ஸ்கேன் செய்ய என்றைக்கோ போட்ட ஆப். மூன்று நாள் இலவச ட்ரையல், அதற்கப்புறம் வாராவாரம் கட்டணம். போனே மாறிவிட்டது, அந்த ஆப் புதுப் போனில் இல்லவும் இல்லை, ஆனால் அந்த ஒரு வருட ஸ்டேட்மென்ட்டில் அது 52 தடவை வந்திருந்தது. அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. சின்னத் தொகை என்றால் யாரும் கவனிப்பதில்லை, வாரக் கட்டணம் என்றால் இன்னும் சின்னதாகத் தெரியும். புரியாத வரி எது வந்தாலும் தொகையை வைத்துத் தேடுங்கள். பெயரை வைத்துத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது.

சரி, பட்டியல் கையில் இருக்கிறது. இப்போது எல்லாரும் கேட்கிற கேள்வி, இது எனக்குப் பயன்படுகிறதா என்பது. நான் அதைக் கேட்கச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் எதைக் கேட்டாலும் ஏதோ ஒரு பயன் இருக்கத்தான் செய்யும். எத்தனை மணி நேரம் பயன்படுத்தினீர்கள் என்று கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்கிறவர்களும் உண்டு. அதுவும் பாதி வழியில் கைவிட்டுவிடும். பேக்கப்பை நீங்கள் மாதத்துக்கு ஒரு நிமிடம்கூடத் திறந்திருக்க மாட்டீர்கள், ஆனால் போன் தண்ணீரில் விழுந்த அன்றைக்கு அதுதான் எல்லாம். நான் ஒவ்வொரு வரிக்கும் எதிரே எழுதச் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இதை இன்று நிறுத்தினால் மறுநாள் என்ன ஆகும்? இப்படி எழுத ஆரம்பித்தால் சந்தாக்கள் தாமாகவே இரண்டாகப் பிரிந்துவிடும். ஒரு வகை வெறும் கதவு. பணம் கட்டினால் திறக்கும், கட்டாவிட்டால் மூடும், உள்ளே இருப்பது எதுவும் உங்களுடையது இல்லை. இன்னொரு வகை அலமாரி. உள்ளே இருப்பது உங்கள் பொருள்.

வீடியோ, பாட்டு, செய்தித்தாள் எல்லாம் கதவு. இவற்றை நிறுத்துவதற்கு யோசிக்கவே வேண்டியதில்லை, இன்றைக்கே செய்யலாம். பெரும்பாலான சேவைகளில் நிறுத்தின பிறகும் கட்டின காலம் முடியும்வரை பார்த்துக்கொள்ளலாம். சில இலவச ட்ரையல்களில் மட்டும் நிறுத்தின நிமிடமே மூடிவிடுவார்கள், அதைத் திரையில் படித்துவிட்டு அழுத்துங்கள். இறக்கி வைத்த பாட்டு, படம் எல்லாம் போய்விடும் என்பது தெரிந்ததுதான். பாட்டுச் சேவையில் நீங்கள் சேர்த்து வைத்த பாட்டு வரிசை பொதுவாக அந்தக் கணக்கிலேயே கிடக்கும், இருந்தாலும் நிறுத்துவதற்கு முன்னால் ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். மறுபடி வேண்டும் என்றால் ஐந்து நிமிடத்தில் திறந்துவிடும் கதவு இது. ஒரே ஒரு விதிவிலக்கு, பழைய வாடிக்கையாளர் என்பதால் பழைய விலையிலேயே ஓடிக்கொண்டிருந்தால் அது நிறுத்தினால் திரும்பக் கிடைக்காது. அப்படி ஏதாவது இருந்தால் அதை மட்டும் தனியாக யோசியுங்கள்.

நான்கு வீடியோ சேவையை ஒரே நேரத்தில் வைத்திருப்பதற்குப் பதிலாக ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் ஒன்று, பார்க்க நினைத்ததைப் பார்த்து முடித்தபின் அடுத்தது. இங்கே ஒரு பழக்கம் ரொம்ப உதவும்: சேர்ந்த அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். பணம் கட்டியாயிற்று, மாதம் முழுக்கப் பார்க்கலாம், மாதக் கடைசியில் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. அடுத்த மாதமும் வேண்டும் என்றால் நீங்களே கை நீட்டிக் கட்ட வேண்டும், அந்த ஒரு நொடியில் வேண்டுமா வேண்டாமா என்று தெரிந்துவிடும். புதுப்பித்தல் கணக்கு பார்த்த வருடங்களில் நான் கற்றது இதுதான், ஜனங்கள் யோசித்துப் பார்த்து சந்தாவைத் தொடர்வதில்லை, யோசிக்க ஒரு சந்தர்ப்பம் வராததால் தொடர்கிறார்கள். 2023-ல் வெளியான ஒரு பொருளாதார ஆய்வு இதை அளந்தே காட்டியது. 10 பிரபலமான சேவைகளில், வாடிக்கையாளரின் பழைய கார்டு போய்ப் புதுக் கார்டு வருகிற சமயத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். அந்தச் சமயத்தில் விலகுகிறவர்கள் எண்ணிக்கை சட்டென்று ஏறுகிறது. சேவை மாறவில்லை, விலை மாறவில்லை, கார்டு எண்ணைத் திரும்பப் போட வேண்டி வந்தது, அவ்வளவுதான். கவனிக்காமல் விடுவதால் மட்டும் நிறுவனங்களுக்கு வருகிற கூடுதல் வருமானம், சேவைக்குத் தகுந்தபடி 14 சதவீதத்தில் இருந்து 200 சதவீதத்துக்கு மேல் வரை போகிறது என்பது அவர்கள் கணக்கு.

அலமாரி, அதாவது கிளவுட் சேமிப்பு, குறிப்பெழுதும் ஆப் போன்றவை, விஷயம் வேறு. ஜனங்கள் இங்கேதான் தலைகீழாகச் செய்கிறார்கள் என்பது என் எண்ணம். கதவை மூடுவதற்கு மாதக்கணக்கில் தயங்குகிறவர், கோபத்தில் ஒருநாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் நிறுத்தும்போது அலமாரியையும் சேர்த்து நிறுத்திவிடுகிறார். நீங்களும் அதைத்தான் இரண்டு தடவை செய்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். சேமிப்பு நிரம்பிவிட்டது என்ற அறிவிப்பு வந்திருக்கும், பயந்து அதைத் திரும்ப எடுத்திருப்பீர்கள், ஒன்றை எடுத்தாயிற்று என்றதும் மனம் தளர்ந்து மற்றதும் பின்னாலேயே வந்திருக்கும்.

உதாரணத்துக்கு கூகுளில் இலவச இடம் 15 ஜிபி. அது மின்னஞ்சல், டிரைவ், போட்டோ மூன்றுக்கும் சேர்த்து. ஐகிளவுட்டில் 5 ஜிபி. 100 ஜிபி வைத்திருந்த ஒருவர் கட்டணத்தை நிறுத்தினால் படங்கள் அன்றே அழிந்துவிடாது, ஆனால் அளவு தாண்டி நிற்கிற கூகுள் கணக்கில் மின்னஞ்சல் அனுப்பவும் முடியாது, வரவும் வராது. அதே நிலையில் 2 வருடம் கிடந்தால் உள்ளே இருப்பதை அழித்துவிடலாம் என்று அவர்கள் விதி சொல்கிறது. மைக்ரோசாஃப்ட் 365, அதாவது வேர்ட், எக்செல் வருகிற சந்தா, முடிந்தால் கணினியில் போட்ட ஆப்பில் கோப்புகளைப் படிக்கலாம், திருத்த முடியாது. குறிப்பெழுதும் ஆப்பில், அது உங்கள் குறிப்புகளை எந்த வடிவத்தில் வெளியே தரும் என்பதுதான் முழு விஷயமும். சாதாரண எழுத்துக் கோப்பாகத் தந்தால் நிம்மதி, அந்த ஆப்பால் மட்டுமே திறக்க முடிகிற கோப்பாகத் தந்தால் நீங்கள் வெளியே வரவில்லை என்று அர்த்தம்.

எனவே அலமாரியைக் காலி செய்கிற முறை மெதுவானது. முதலில் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். கூகுளில் டேக்அவுட் என்று ஒரு வழி இருக்கிறது, கேட்டால் தொகுத்து இணைப்பு அனுப்புவார்கள், அந்த இணைப்பு சுமார் ஒரு வாரத்தில் காலாவதி ஆகிவிடும், அதனால் வந்ததும் இறக்கிக்கொள்ளுங்கள். அதில் படத்தோடு கூடவே தனித்தனியாகச் சின்னச் சின்னக் கோப்புகள் வரும், எடுத்த தேதி, இடம் போன்ற விவரம் அதில் இருக்கும், குப்பை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். இறக்கினதை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம், பழைய வருடத்தில் பத்து, புது வருடத்தில் பத்து, ஒரு வீடியோ முழுக்க ஓடுகிறதா, அவ்வளவு போதும். இரண்டு இடத்தில் பிரதி வையுங்கள். ஒரு மாதம் கழித்து, அந்தப் பிரதியில் இருந்து எதையாவது ஒரு தடவை தேடி எடுத்துப் பயன்படுத்தின பிறகு, கட்டணத்தை நிறுத்துங்கள். ஒரு மாதக் கட்டணம் கூடுதலாகப் போகிறதே என்று கணக்குப் பார்க்காதீர்கள், அது வீணாகாத பணம்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். எனக்குச் சொந்தமாக ஒரு டொமைன், அதாவது வருடாவருடம் பணம் கட்டி வைத்திருக்கிற இணையப் பெயர், உண்டு, என் முக்கியமான மின்னஞ்சல் முகவரி அதில்தான் இருக்கிறது. கார்டு காலாவதி ஆனதைக் கவனிக்கவில்லை. புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் எல்லாம் நான் திறந்தே பார்க்காத ஒரு பழைய பெட்டிக்குப் போயிருக்கின்றன. ஒன்பது நாள் எனக்கு மின்னஞ்சலே வரவில்லை, விடுமுறைக் காலம், யாரும் எழுதவில்லை போல என்றுதான் இருந்தேன். ஒரு கணக்கின் பாஸ்வேர்டை மாற்றப் போய், அதற்கான மின்னஞ்சல் வராதபோதுதான் விஷயம் புரிந்தது. முடிந்த பிறகு கொஞ்ச நாள் சலுகைக் காலம் இருந்ததால் திரும்ப எடுக்க முடிந்தது. விட்டிருந்தால் அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் வாங்கியிருக்கலாம், வாங்கினவர் கையில் என் எல்லாக் கணக்குகளின் சாவியும் போயிருக்கும். டொமைன், மின்னஞ்சல், எல்லாப் பாஸ்வேர்டையும் ஒரே இடத்தில் சேர்த்து வைக்கிற பாஸ்வேர்டு மேனேஜர் இந்த மூன்றும் உங்கள் ஸ்டேட்மென்ட்டில் இருந்தால் அவற்றைச் சிக்கனப் பட்டியலில் சேர்க்கவே வேண்டாம். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் புதியது முழுதாக ஓடின பிறகு பழையதை விடுங்கள். பாஸ்வேர்டு மேனேஜரில் இருந்து எடுக்கிற கோப்பு பெரும்பாலும் யாரும் படிக்கக்கூடிய வெறும் எழுத்தாக இருக்கும், புது இடத்தில் ஏற்றின கையோடு அழித்துவிடுங்கள்.

மொழி கற்கும் ஆப்பை நான் கதவிலும் சேர்க்கவில்லை, அலமாரியிலும் சேர்க்கவில்லை. நிறுத்தத்தான் அது மிகவும் கஷ்டம், ஏனென்றால் அதை நிறுத்தும்போது நாம் ஆக நினைத்த ஒரு ஆளையும் சேர்த்து நிறுத்துகிற மாதிரி இருக்கும். சாட்டில் இருந்த காலத்தில், படிப்பு ஆப், உடற்பயிற்சி ஆப் இவற்றை நிறுத்த வருகிறவர்கள் மட்டும்தான் காரணம் கேட்காமலே விளக்கம் சொல்வார்கள். "அடுத்த மாதம் வேலை குறையும், அப்போது ஆரம்பித்துவிடுவேன், ஆனாலும்..." என்று. நிறையப் பேர் அந்த வாக்கியத்தைப் பாதி அடித்ததும் மனம் மாறிப் போய்விடுவார்கள்.

இதற்கு நல்ல ஆய்வு ஒன்று உண்டு, 2006-ல் வெளியானது. அமெரிக்காவில் மூன்று உடற்பயிற்சிக் கூடங்கள், 7,752 உறுப்பினர்கள். மாதச் சந்தா கட்டினவர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 தடவைதான் போனார்கள், ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல் விழுந்தது. 10 தடவைக்கான சீட்டு வாங்கியிருந்தால் தடவைக்கு 10 டாலர்தான். கடைசியாகப் போன நாளுக்கும் சந்தாவை நிறுத்தின நாளுக்கும் இடையே சராசரியாக இரண்டு மாதத்துக்கு மேல் பணம் சும்மா போனது. ஜிம்முக்குச் சொன்னது ஆப்புக்கு அப்படியே பொருந்தும் என்று ஆய்வு சொல்லவில்லை, ஆனால் நான் பார்த்த கணக்குகளிலும் இதே சாயல்தான். எனவே இந்த வகைக்கு ஒரே சோதனை, கடைசியாகத் திறந்த தேதி. கடந்த நான்கு வாரத்தில் வாரம் இரண்டு நாளாவது திறந்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நிறுத்துங்கள். மொழி கற்கும் ஆசையைக் கைவிடச் சொல்லவில்லை. இலவசப் பாடத்தில் மூன்று வாரம் விடாமல் உட்காருங்கள், உட்கார முடிந்தால் பணம் கட்டுங்கள். அதையும் மாதாமாதம் கட்டுங்கள். பணம் கட்டின புதிதில் வருகை கூடும், நாளாக ஆகக் குறையும் என்று உடற்பயிற்சிக் கூடத்திலேயே இன்னொரு ஆய்வு 1998-ல் காட்டியிருக்கிறது. வருடச் சந்தாவில் அந்தக் குறைகிற காலம் ரொம்ப நீளம்.

வருடச் சந்தா மலிவா என்பது எளிய கணக்குதான். 12 மாதத்தை 10 மாத விலைக்குத் தருகிறார்கள் என்றால், பத்து மாதத்துக்கு மேல் நிச்சயம் வைத்திருப்பீர்களா என்பதே கேள்வி. அலமாரி வகைக்குப் பெரும்பாலும் ஆம், கதவு வகைக்குப் பெரும்பாலும் இல்லை. ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள், வருட ஒப்பந்தம் ஆனால் மாதத் தவணை என்று ஒன்று இருக்கிறது. பார்க்க மாதச் சந்தா மாதிரியே இருக்கும், நடுவில் நிறுத்தினால் மீதி மாதங்களுக்கான தொகையில் ஒரு பங்கு அபராதமாகப் போகும்.

நிறுத்தும்போது வருகிற திரைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாதி விலைக்குத் தருகிறோம் என்பார்கள், சில நாள் நிறுத்தி வைக்கலாமே என்பார்கள். அந்தத் தள்ளுபடி உண்மைதான், ஆனால் முடிந்ததும் முழு விலை தானாகத் திரும்பும். நிறுத்தி வைத்த சந்தாவும் அந்த நாள் கணக்கு முடிந்ததும் தானாகவே மறுபடி ஓட ஆரம்பிக்கும். கடைசித் திரையில் எந்தத் தேதியோடு முடிகிறது என்று எழுதியிருந்தால்தான் நீங்கள் நிறுத்தியிருக்கிறீர்கள் என்று அர்த்தம், அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கார்டை மாற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள், விசாவும் மாஸ்டர்கார்டும் புதுக் கார்டு எண்ணைப் பணம் வாங்கும் நிறுவனத்துக்குத் தானாகத் தெரிவிக்கிற வசதி வைத்திருக்கின்றன. உங்கள் வங்கி அதில் இருந்தால் கட்டணம் அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில் 2022 ஜூலை 1 முதல், இணையத்தில் சேர்ப்பவர்கள் நிறுத்துவதற்கும் இணையத்திலேயே பட்டன் வைக்க வேண்டும். அமெரிக்காவில் அதே மாதிரி வந்த விதியை 2025 ஜூலையில் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

உங்கள் 11-க்கு வருகிறேன். வீடியோவில் மூன்றையும் பாட்டில் ஒன்றையும் இன்றைக்கே நிறுத்துங்கள், செய்தித்தாளை இந்த வாரம் எத்தனை நாள் திறந்தீர்கள் என்று பார்த்து முடிவெடுங்கள். மொழி ஆப்புக்கு மேலே சொன்ன மூன்று வாரம். குறிப்பு ஆப்பையும் இரண்டு சேமிப்பையும் இப்போது நிறுத்தவே வேண்டாம். மூன்று மாதத்தில் ஒரு வீடியோ சேவை திரும்ப வந்தால் அதைத் தோல்வி என்று எண்ணாதீர்கள், கதவை அப்படித் திறந்து மூடத்தான் வேண்டும். சேமிப்பில் ஒன்று போதும் என்று நினைக்கிறேன். சின்னதில் இருப்பதைப் பெரியதுக்கு மாற்றுங்கள், மாற்றினதைத் திறந்து பார்த்த பிறகு, குறிப்பு ஆப் எந்த வடிவத்தில் கோப்பு தருகிறது என்பதையும் பார்த்து இங்கேயே எழுதுங்கள். அதை எங்கே ஏற்றலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.